பழைய ரின்னில் கிடக்கும் இலங்கைச் சில்லறைக் காசுகளைப் பிரிப்பது எப்படி: துட்டிலிருந்து சதம் வரை

அம்மம்மாவின் பெட்டகத்துக்கு அடியிலோ, திறப்புத் தொலைந்த மேசை லாச்சியிலோ ஒரு பால்மா ரின் இருக்கும். குலுக்கினால் சத்தம் வரும். கொட்டினால் ஐம்பது அறுபது செப்புக் காசுகள், நாலைந்து வெள்ளி, ஒன்றிரண்டு மஞ்சள் சதுரங்கள். பாதிக்கு மேல் கறுத்துப்போய் முகமே தெரியாது. அந்த ரின்னை வைத்துக்கொண்டு முழிப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒல்லாந்தர் காலத்திலிருந்து பிரித்தானியர் ஆட்சி முடியும் வரை இலங்கையில் புழங்கிய, ஒரு ரூபாவுக்குக் கீழ்ப்பட்ட சில்லறைகள் மட்டுமே இதில் வரும்.

இப்படிப் பல ரின்களைப் பிரித்துக் கொடுத்திருக்கிறேன், பக்கத்தில் இருந்து பிரிக்கவும் வைத்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒரே குழியில்தான் விழுகிறார்கள். காசை எடுத்தவுடன் அதிலுள்ள எண்ணை வாசிக்கிறார்கள். 48 என்று இருக்கிறது, 12 என்று இருக்கிறது, ஒன்றரை என்று இருக்கிறது, சரி, எதில் 48? எதில் ஒன்றரை? இந்தத் தீவில் முந்நூறு வருடத்துக்குள் மூன்று கணக்குகள் ஓடியிருக்கின்றன. எந்தக் கணக்கில் அடித்த காசு என்று தெரியாமல் எண்ணை வாசித்தால் அது உங்களை நன்றாக ஏமாற்றும். அதனால் கீழே உள்ள ஒழுங்கை மாற்றாமல் போங்கள். வாசிப்பது ஐந்தாவது படியில்தான் வருகிறது.

1. மேசையில் முதலில் இருக்கவேண்டியவை

நகைக்கடையில் வைத்திருக்கும் மாதிரி சின்ன இலத்திரனியல் தராசு ஒன்று, ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டுவது. பத்தில் ஒரு பங்கு காட்டுவதும் சமாளிக்கும், ஆனால் கால் சதம் மாதிரிக் காசுகளில் தடுமாறும். மில்லிமீற்றர் அளக்க ஒரு கலிப்பர், பிளாஸ்திக்கில் இருந்தால் நல்லது, இரும்புக் கலிப்பரின் நுனி பழைய செம்பைக் கீறிவிடும். பத்து மடங்கு பெருப்பிக்கும் லென்ஸ் ஒன்று. ஒரு காந்தம். சாய்த்து வெளிச்சம் அடிக்கிற மாதிரி மேசை விளக்கு. பிறகு பழைய துவாய் ஒன்றை நாலாக மடித்து மேசையில் விரியுங்கள், காசு கைதவறி விழுந்தாலும் அடிபடாது.

கடதாசி உறைகளும் பென்சிலும் வேண்டும். பேனை வேண்டாம், மை காசில் ஒட்டும். இதெல்லாம் எதற்கு என்று நினைத்துப் பாதியில் தொடங்கியவர்கள் இருக்கிறார்கள். முப்பதாவது காசில் தராசு தேடி எழும்பிப் போவார்கள், திரும்பி வரும்போது எந்தக் குவியல் எது என்பது மறந்திருக்கும்.

2. கழுவாதீர்கள்

இதற்குத் தனித் தலைப்புக் கொடுக்கக் காரணம் இருக்கிறது. நமக்குக் குத்துவிளக்கு மினுக்கிப் பழக்கம். செம்பைக் கண்டால் கை தானாகப் புளிக்கும் சாம்பலுக்கும் போகும், இல்லாவிட்டால் தேசிக்காய். ஒரு மாமி ஒரு ரின் முழுவதையும் இரவிரவாகப் புளிக்கரைசலில் ஊறவைத்து, காலையில் பளபளவென்று கொண்டுவந்து காட்டினார். அதில் ஒல்லாந்தர் துட்டுகள் பதினொன்று இருந்தன. ஒன்றிலும் ஆண்டு இல்லை.

நடந்தது இதுதான். பழைய செம்பின் மேல் இருக்கும் கரும்படலம் அழுக்கு இல்லை, செம்பே மாறி உண்டான மேற்தோல். தேய்ந்துபோன எழுத்து கடைசியாக மிஞ்சியிருப்பது அந்தத் தோலில்தான். அமிலம் தோலைக் கரைத்தால் எழுத்தும் போய்விடும், கீழே வெறும் இளஞ்சிவப்புச் செம்புதான் இருக்கும்.

மண் ஒட்டியிருந்தால் மட்டும் காய்ச்சி வடித்த நீரில் இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, மூங்கில் பல்குத்தியால் மெதுவாக எடுத்துவிடுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதில் குளோரின் இருக்கும். வெளிர்பச்சையில் மாவு மாதிரிப் பொடி பூத்திருக்கும் காசுகளை உடனே தனி உறையில் போட்டு விலக்கிவையுங்கள். அது செம்பை அரிக்கும் நோய், ஈரம் பட்டால் வளரும். கெட்டியாக, மினுமினுப்பாக இருக்கும் பச்சை வேறு, அது ஒன்றும் செய்யாது.

3. வாசிக்காமல் பிரியுங்கள்

இப்போது எல்லாக் காசையும் துவாயில் பரப்பி, எழுத்தைப் பார்க்காமல், உலோகத்தையும் உருவத்தையும் மட்டும் பார்த்துப் பிரியுங்கள். ஐந்து குவியல் வரும்.

தடித்து, வட்டம் கோணி, விளிம்பு வெடித்து, கையால் அடித்தது போலத் தெரியும் செம்பு ஒரு பக்கம். மெல்லிய, ஆனால் ஒழுங்கான வட்டச் செம்பு இன்னொரு பக்கம். வெள்ளி தனியே. வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருக்கும் சதுரம், அலைவிளிம்பு போன்ற விசித்திர உருவங்கள் தனியே. இதில் எதிலும் சேராதவை ஐந்தாவது.

பிரிக்கும்போதே காந்தத்தைக் காட்டிக்கொண்டு போங்கள். இந்தக் காலத்து இலங்கைச் சில்லறை எல்லாம் செம்பு, வெண்கலம், வெள்ளி, செம்பு-நிக்கல், நிக்கல்-பித்தளை என்று காந்தம் இழுக்காத உலோகங்கள்தான். ஒட்டினால் அது பிற்காலக் காசு, அல்லது போலி. சுற்றுலாப் பயணிகளிடம் விற்பதற்கென்று வார்த்த போலித் துட்டுகள் நிறையவே உலாவுகின்றன.

எழுத்தைப் பார்க்காமல் பிரிக்கச் சொல்வதற்கு ஒரே காரணம், ஒரு தடவை வாசித்துவிட்டால் மனம் ஒரு முடிவுக்கு வந்துவிடும். பிறகு தராசு வேறு சொன்னாலும் தராசில்தான் பிழை என்று தோன்றும்.

4. நிறுங்கள், அளவிடுங்கள், எழுதுங்கள்

ஒவ்வொரு காசுக்கும் எடையும் குறுக்களவும் பென்சிலால் உறையில் எழுதுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் எண் முற்றாகத் தேய்ந்த காசுகளுக்கு வேறு வழியே இல்லை.

வட்டச் செம்புக் குவியலுக்கு மனதில் வைத்திருக்கவேண்டிய எண்கள் மூன்று: ஏறத்தாழ 4.7 கிராம், 2.4 கிராம், 1.2 கிராம். முதலாவது ஃபார்திங் (இங்கிலாந்துப் பென்னியில் காற்பங்கு) அல்லது ஒரு சதம், இரண்டாவது அரை ஃபார்திங் அல்லது அரைச் சதம், மூன்றாவது கால் ஃபார்திங் அல்லது கால் சதம். ஆம், இரண்டு வேறு கணக்குக் காசுகளும் கிட்டத்தட்ட ஒரே எடைதான், ஏன் என்பது கீழே வரும். அதனால் எடை உங்களை வாசல் வரைதான் கொண்டுபோகும், உள்ளே போக மறுபக்கத்தைப் பார்க்கவேண்டும். ஒல்லாந்தர் துட்டு 3 கிராமுக்குக் கிட்ட, 21 மில்லிமீற்றர் அளவில் நிற்கும். தேய்மானத்துக்குக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

தடித்த செம்புக் குவியலில் எடையை ஒரு வழிகாட்டியாக மட்டும் எடுங்கள். அவை ஒன்றுக்கொன்று நன்றாகவே வித்தியாசப்படும், அதைப் பார்த்துப் போலி என்று எறிந்துவிட வேண்டாம்.

5. எந்தக் கணக்கு?

இதுதான் முழு வேலையின் நடு. ஒரு துண்டுக் கடதாசியில் கீழே உள்ளதை எழுதி விளக்குக்கு அடியில் ஒட்டிவையுங்கள்.

ஒல்லாந்தர் கணக்கு: 4 துட்டு ஒரு ஸ்டைவர். 4 ஸ்டைவர் ஒரு பணம். 12 பணம் ஒரு ரிக்ஸ்டொலர். ஆக ஒரு ரிக்ஸ்டொலருக்கு 48 ஸ்டைவர், 192 துட்டு.

பிரித்தானியர் வந்தபின் கொஞ்சக் காலம் இதே கணக்குத்தான் ஓடியது. ஆட்சி மாறினால் காசும் மாறியிருக்கும் என்று நினைப்பது அடுத்த பெரிய பிழை. ஒல்லாந்தர் 1796இல் போனார்கள், ஸ்டைவர் 1825 வரை போகவில்லை.

1825இல் இங்கிலாந்துக் கணக்கு வந்தது. ஒரு ரிக்ஸ்டொலர் ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ், அதாவது 18 பென்ஸ் (பென்னியின் பன்மை, 12 பென்ஸ் ஒரு ஷில்லிங்) என்று நிர்ணயித்தார்கள். பன்னிரண்டால் பிரித்துப் பாருங்கள், ஒரு பணம் ஒன்றரைப் பென்னி. ஒரு ஸ்டைவர் ஒன்றரை ஃபார்திங். இந்த "ஒன்றரை"யை மறக்கவேண்டாம், எட்டாவது படியில் அது காசாகவே வந்து நிற்கும்.

1872 ஜனவரி 1 முதல் ரூபாவும் சதமும். ஒரு ரூபா 2 ஷில்லிங்குக்குச் சமம், 24 பென்ஸ், 96 ஃபார்திங். அதே ரூபாவுக்கு 100 சதம். ஆக ஒரு ஃபார்திங்கும் ஒரு சதமும் ஏறக்குறைய ஒன்று. எடையும் ஒன்றாக இருப்பதில் இனி ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள், பிறகு மறக்காது. ஒரு ரிக்ஸ்டொலர் 18 பென்ஸ், 24 பென்ஸ் 100 சதம் என்றால் ரிக்ஸ்டொலர் 75 சதம். அதில் பன்னிரண்டில் ஒன்று, பணம், ஆறேகால் சதம். ஸ்டைவர் ஒன்றரைச் சதத்துக்குச் சற்று மேல். பழைய ஆட்கள், குறிப்பாகச் சிங்களப் பேச்சில், "பணம்" என்றால் ஆறு சதம் என்றும் "துட்டு இரண்டு" என்றால் மூன்று சதம் என்றும் எண்ணியதன் கணக்கு இதுதான். துட்டு என்ற பெயர் ஒல்லாந்தரின் டொய்ட் என்ற சின்னக் காசிலிருந்து வந்தது, ஆனால் பேச்சில் அது ஸ்டைவரின் இடத்துக்கு ஏறிவிட்டது. இதனால்தான் வீட்டுப் பெரியவர் "இது துட்டு" என்று சொன்னதை வைத்து உறையில் எழுதவேண்டாம் என்கிறேன். அவர் சொல்வது பொய்யில்லை, அவர் சொல்லும் துட்டு வேறு.

6. தடித்த செம்பும் துட்டும்: ஒல்லாந்தர் குவியல்

அடையாளம் ஒன்றுதான்: வி, ஓ, சி (V, O, C) மூன்று எழுத்தும் பின்னிய முத்திரை. பெரிய வி நடுவில், அதன் இடக்காலில் ஓ, வலக்காலில் சி. ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனிப் பெயரின் முதலெழுத்துகள். (தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் இதைப் பார்த்துக் கப்பலோட்டிய வ.உ.சி. காசு என்று ஒருகணம் மகிழ்ந்தார். பாவம்.)

முதலில் மெல்லிய வட்டத் துட்டுகளை எடுங்கள். இவை இலங்கையில் அடித்தவை அல்ல, 1726 முதல் ஒல்லாந்தின் மாகாண அக்கசாலைகளில் அடித்துக் கப்பலில் வந்தவை. முத்திரைக்குக் கீழே ஆண்டு. காசைத் திருப்பினால் மாகாணத்தின் கேடயம். கேடயத்துள் ஒரு சிங்கம் நின்றால் ஹொலண்ட். சிங்கத்தின் பாதி உடம்பு அலைகளுக்குள் இருந்தால் சீலண்ட். கேடயத்தை வெளியே இரண்டு பக்கமும் சிங்கங்கள் பிடித்துக்கொண்டு நின்றால் உட்ரெக்ட். உள்ளே இரண்டு சிங்கங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நடந்தால் மேற்கு ஃபிரீஸ்லாந்து. தேய்ந்த துட்டில் சிங்கத்தைத் தேடாதீர்கள், விளக்கைச் சாய்த்து அலையைத் தேடுங்கள். அலைக்கோடுகள்தான் கடைசிவரை நிற்கும் என்பது என் அனுபவம்.

அடுத்தது தடித்த, உள்ளூரில் அடித்த ஸ்டைவர்கள். வி-ஓ-சி முத்திரைக்கு மேலே ஒரு தனி எழுத்து இருக்கும், அது அடித்த இடம். சி (C) என்றால் கொழும்பு, ஜி (G) காலி, டி (T) திருகோணமலை. வெறும் நேர்கோடு மாதிரி ஐ (I) இருந்தால் யாழ்ப்பாணம். அந்தக் காலத்து எழுத்தில் ஜே-க்குப் பதில் ஐ போடுவார்கள். இதைத்தான் அநேகமாக எல்லாரும் "1" என்று வாசித்து மதிப்பு என்று எழுதிவிடுகிறார்கள். மதிப்பும் ஆண்டும் மறுபக்கத்தில். அச்சு தகட்டைவிடப் பெரிதாக இருந்ததால் ஆண்டின் பாதி வெளியே போயிருக்கும், தெரிகிற இலக்கங்களை மட்டும் எழுதுங்கள், மிச்சத்தை ஊகித்து நிரப்பவேண்டாம்.

காசு மாதிரியே இல்லாத, செப்புக் கம்பியை வெட்டியது போன்ற துண்டு ஒன்று வந்தால் எறிந்துவிடாதீர்கள். 1785இல் நாலேமுக்கால் ஸ்டைவர் மதிப்பில் அப்படி ஒன்று வந்தது. நாலேமுக்கால் என்ன கணக்கு என்று மண்டையைப் பிய்க்கவேண்டாம். கொக்கி போல வளைந்த வெள்ளிக் கம்பிக் காசான லாரின் ஒன்றுக்கு ஒன்பதரை ஸ்டைவர், இது அதன் பாதி. அபூர்வமானது, ரின்னில் வருவது லொத்தர் விழுந்த மாதிரி. ஆனால் பழைய இரும்புக்காரனிடம் போன கதைகளும் உண்டு.

7. யானைக் குவியல்: இங்கேதான் அதிகம் தடுக்கும்

ஒரு பக்கம் யானை, மறுபக்கம் ஒரு எண், சுற்றிச் சிலோன் அரசாங்கம் என்ற ஆங்கில எழுத்து. 1801 முதல் கொழும்பில் அடித்த தடித்த செம்பு. எண் 12, 24, 48 என்று மூன்று வகை.

நான் முதன்முதலில் 48 ஒன்றைக் கண்டபோது இதுதான் பெரிய காசு என்று உறையில் எழுதிவைத்தேன். அது குவியலிலேயே சின்னது. கையில் எடுத்தால் 12 கனக்கும், 24 அதன் பாதி, 48 அதிலும் பாதி. அப்போதும் உறைக்கவில்லை! எண் மதிப்பைச் சொல்லவில்லை, ரிக்ஸ்டொலரின் பங்கைச் சொல்கிறது. 48 என்றால் ரிக்ஸ்டொலரில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு, ஒரு ஸ்டைவர். 24 இரண்டு ஸ்டைவர். 12 நாலு ஸ்டைவர், அதாவது ஒரு பணம்.

அது விளங்கியதும் அடுத்த பொறி. 1803 முதல் அதே யானையோடு வெள்ளியிலும் அடித்தார்கள், 24, 48, 96 என்று. அதில் எண் பங்கு அல்ல, ஸ்டைவரின் எண்ணிக்கை. வெள்ளி 48 ஒரு முழு ரிக்ஸ்டொலர், செம்பு 48 அதில் நாற்பத்தெட்டில் ஒன்று. ஒரே யானை, ஒரே எண், உலோகம் மட்டும் வேறு. மூன்றாவது படியில் உலோகத்தை முதலில் பிரிக்கச் சொன்னதற்கு இது ஒன்றே போதும்.

ஒழுங்கான வட்டமாக, இயந்திரத்தில் அடித்த சுத்தத்தோடு யானை வந்தால் ஆண்டைப் பாருங்கள். 1802 என்றால் இங்கிலாந்தில் அடித்து வந்தவை, எண் 48, 96, 192. பங்குக் கணக்கு இதற்கும் பொருந்தும். 192 என்பது கால் ஸ்டைவர், பழைய ஒரு துட்டின் அதே இடம். 1815 என்றால் யானையோடு மறுபக்கம் மூன்றாம் ஜோர்ஜின் தலை இருக்கும், மதிப்பும் அரை, ஒன்று, இரண்டு ஸ்டைவர் என்று சொல்லாகவே இருக்கும். இவற்றில் குழப்பமில்லை, கடந்து போங்கள்.

8. பெயர் எழுதாத காசுகள்

ரின் பிரிப்பவர்கள் "இங்கிலாந்து" என்று ஒரு குவியல் சேர்த்து ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். அதைத் திரும்ப எடுங்கள். உங்கள் ரின்னில் உள்ள நல்ல சில இலங்கைக் காசுகள் அதற்குள்தான் இருக்கும். 1825க்குப் பின் இலங்கைக்கென்று அடித்த சில்லறைகளில் சிலோன் என்ற சொல்லே இல்லை.

அரை ஃபார்திங்கை முதலில் தேடுங்கள். 1828இல் இலங்கைக்காகத்தான் தொடங்கினார்கள், இங்கிலாந்திலேயே அது செல்லுபடியானது 1842இல்தான். நாலாம் ஜோர்ஜ், நாலாம் வில்லியம் தலைகளோடு வந்தவற்றில் மறுபக்கம் பிரித்தானியாப் பெண் உட்கார்ந்திருப்பாள், மதிப்பு எங்கும் எழுதியிருக்காது. அங்கே கலிப்பர்தான் பேசவேண்டும்: 22 மில்லிமீற்றர் முழு ஃபார்திங், 18 அரை, 16 என்றால் மூன்றில் ஒரு ஃபார்திங். கடைசியாகச் சொன்னது மோல்ற்றாவுக்கு அடித்தது, இலங்கையோடு சேர்க்காதீர்கள். 1839 முதல் விக்டோரியா தலையோடு வந்தவற்றில் கிரீடத்துக்குக் கீழே அரை ஃபார்திங் என்று ஆங்கிலத்தில் எழுத்தாகவே இருக்கும்.

அடுத்து கால் ஃபார்திங். 13.5 மில்லிமீற்றர், 1.2 கிராம், சட்டைப் பொத்தான் அளவு. 1839இலும் 1851 தொடக்கம் 1853 வரையும் புழக்கத்துக்கு வந்தது. இதை இங்கிலாந்துக் குவியலில் விட்டால் பெரிய அநியாயம், ஏனென்றால் இது அடித்ததே இலங்கைக்குத்தான்.

வெள்ளிக் குவியலில் நகத்தளவு ஒன்று, கிரீடத்துக்குக் கீழே ஒன்றரை என்ற எண் இருக்கிறதா? இதைக் காட்டி "ஒன்றரை என்ன?" என்று கேட்காத ஆள் இல்லை. ஐந்தாம் படிக் கடதாசியைப் பாருங்கள். ஒரு பணம், ஒன்றரைப் பென்னி. 1834 முதல் 1843 வரையும், பிறகு 1860இலும் 1862இலும் வந்தது. ஜமேக்காவிலும் இதே காசு ஓடியது, ஆனால் இங்கே அது பழைய பணத்தின் இடத்தில் சரியாக உட்கார்ந்துவிட்டது. கணக்குப் புத்தகத்தில் பென்னி வந்தாலும் சந்தையில் பணம் போகவில்லை என்பதற்கு இதைவிடச் சின்ன ஆதாரம் கிடைக்காது, பன்னிரண்டு மில்லிமீற்றர்தான்.

9. சதக் குவியல்

இங்கே மூச்சு விடலாம், ஏனென்றால் காசில் தமிழ் இருக்கும். அரசி அல்லது அரசரின் தலை ஒரு பக்கம், மறுபக்கம் பனை இன மரம், மதிப்பு சிங்களத்திலும் தமிழிலும். தமிழ் எழுத்து கண்ணில் பட்டால் சதம், படாவிட்டால் ஃபார்திங், ஒரே எடையுள்ள இரண்டையும் பிரிக்க இதுதான் வழி.

முதல் தொகுதியில் 1870 என்று ஆண்டு இருக்கும்: கால், அரை, ஒன்று, ஐந்து சதம், எல்லாம் செம்பு. சதக் கணக்கு நடைமுறைக்கு வந்தது 1872இல் என்றேனே, அப்போ இது எப்படி என்று கேட்பீர்கள். காசை முன்கூட்டியே அடித்துவைத்தார்கள். உறையில் காசில் உள்ள ஆண்டை எழுதுங்கள், சட்டத்தின் ஆண்டை அல்ல. அந்த 5 சதம் 34 மில்லிமீற்றரில் தோசைக்கல் மாதிரி இருக்கும், பலர் இதைப் பதக்கம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

10, 25, 50 சத வெள்ளிகள் 1892 முதல். 1919இலிருந்து அவற்றில் வெள்ளியின் பங்கு ஆயிரத்துக்கு 800இலிருந்து 550ஆகக் குறைந்தது. ஆகவே ஆண்டு பார்க்காமல் வெள்ளி விலைக்கு நிறுத்துக் கொடுப்பவர் தனக்கோ வாங்குபவருக்கோ நட்டம் செய்கிறார்.

1909இல் 5 சதம் சதுரமானது, மூலைகள் மழுங்கிய செம்பு-நிக்கல், வெள்ளை நிறம். அதே சதுரம் மஞ்சளாக இருந்தால் 1942 அல்லது அதற்குப் பின். போர்க்காலத்தில் உலோகம் தட்டுப்பட்டதும் நிக்கல்-பித்தளைக்கு மாறினார்கள். ஒரு சத வெண்கலமும் 1942 முதல் மெல்லியதாகிவிட்டது. 1944இல் அலைவிளிம்போடு 2 சதமும் 10 சதமும் வந்தன. இந்த இடத்தில் உலோகமே ஆண்டு சொல்லும், தேய்ந்திருந்தாலும் பயமில்லை.

கால் சதத்தின் கடைசி ஆண்டு 1904, அரைச் சதத்துக்கு 1940. அதற்குப் பிந்திய ஆண்டை நீங்கள் வாசித்தால் திரும்ப வாசியுங்கள். ரின்னின் அடியில் மடித்த கடதாசித் துண்டு இருந்தாலும் விரித்துப் பாருங்கள். 1942இல் சில்லறை இல்லாமல் 5 சதத் தாள் அடித்தார்கள், நடுவில் முத்திரை மாதிரித் துளையிட்டு, கிழித்தால் 2 சதமும் 3 சதமுமாகப் பிரியும்படி. பாதித் தாள் கிடைத்தால் கிழிந்த தாள் என்று எறிந்துவிடாதீர்கள், அது முழுக் காசு.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஒரே ஒரு நுணுக்கம். 1951 ஆண்டுக் காசுகளில் ஆறாம் ஜோர்ஜின் பட்டத்தில் இந்தியச் சக்கரவர்த்தி என்ற பகுதி இருக்காது. ஆண்டின் கடைசி இலக்கம் தேய்ந்திருந்தால் பட்டத்தை வாசித்து எந்தப் பக்கம் என்று முடிவு செய்யலாம்.

10. மிச்சம்

ஐந்தாவது குவியலில் கலவையாக இருக்கும். படுத்திருக்கும் நந்தியும் "சேது" என்ற தமிழ் எழுத்தும் இருந்தால் யாழ்ப்பாண அரசர் காசு, நாம் இங்கே பார்க்கும் காலத்துக்கு முந்தியது. தடித்த சின்னச் செம்பில் "நாகபட்டணம்" என்று தமிழில் இருந்தால் அதுவும் ஒல்லாந்தர் அடித்ததுதான், ஆனால் அக்கரையில். சென்னைக் கம்பனிக் காசுகளும் 1835க்குப் பிந்திய கால் அணாக்களும் தாராளமாக வரும். கடல் கடந்து போய்வந்த குடும்பங்களின் ரின்னில் இவை இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். பெயர் பொறித்து மதிப்பும் போட்ட செம்பு வட்டங்கள் கோப்பிக் காலத்து ஆலைகள் தொழிலாளருக்குக் கொடுத்த டோக்கனாக இருக்கலாம். அரசாங்கக் காசு இல்லை என்று கழிக்காமல் தனி உறையில் வையுங்கள்.

11. உறையில் எழுதும் ஒழுங்கு

முதல் வரியில் கணக்கு: ஸ்டைவர், பென்னி, சதம். இரண்டாவதில் மதிப்பு. மூன்றாவதில் ஆண்டு, தெரியாத இலக்கத்துக்குக் கோடு. நாலாவதில் உலோகம், எடை, குறுக்களவு. கடைசியில் எந்த வீட்டு ரின், யாரிடமிருந்து வந்தது. இந்தக் கடைசி வரியை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு துட்டு எங்கும் கிடைக்கும், பருத்தித்துறையில் ஒரு வீட்டு லாச்சியில் கால் ஃபார்திங்கோடு சேர்ந்து கிடந்த துட்டு அப்படிக் கிடைக்காது.

ஆட்சியாளர் ஒழுங்கில் அடுக்கவேண்டாம், கணக்கு ஒழுங்கில் அடுக்குங்கள். அரசர் ஒழுங்கில் வைத்தால் 1815இன் ஸ்டைவரும் 1828இன் அரை ஃபார்திங்கும் ஜோர்ஜ், ஜோர்ஜ் என்று அருகருகே போய் உட்கார்ந்துகொள்ளும், ஒன்றோடு ஒன்று சம்பந்தமே இல்லாத கணக்குகள்.

12. வைப்பதும் கொடுப்பதும்

மென்மையான, மணக்கும் பிளாஸ்திக் உறை வேண்டாம். அதிலிருந்து கசிவது செம்பைப் பச்சையாக்கும். அமிலம் கலக்காத கடதாசி உறை போதும். இறுக மூடும் டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று போடுங்கள், நம்முடைய காற்றில் மாரிக்கு மாரி மாற்றவேண்டும். முன்பு விலக்கிவைத்த பச்சைப்பொடிக் காசுகளை இந்த டப்பாவுக்குள் சேர்க்காதீர்கள்.

வீட்டு ரின் வேறு, நிலத்தில் கிண்டியெடுத்தது வேறு. மண்ணுக்குள் கிடைக்கும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம், அதைத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும். பழைய காசுகளை வெளிநாடு கொண்டுபோகவும் அதே திணைக்களத்தின் அனுமதி தேவைப்படும். கனடாவில் இருக்கும் தம்பிக்குக் காட்டுவதென்றால் படம் எடுத்து அனுப்புங்கள், இரண்டு பக்கமும், பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்து, விளக்கைச் சாய்த்து.